தலைநகரில் உருண்ட பந்து

தில்லியில் நாற்பது, ஐம்பது ஆண்டுகளாக வாழும் நம் அன்பர்களிடம், "இந்திய அணி பன்னாட்டுக் கால்பந்துப் போட்டியில் கோப்பை வாங்கியதை நேரில் பார்த்ததுண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் சிரிப்பார்கள். "இந்தியாவாவது, கால்பந்தாவது! கிரிக்கெட் என்றால் கேளுங்கள், 1999இல் கோட்லா மைதானத்தில் கும்ப்ளே பத்து விக்கெட் எடுத்ததைச் சொல்கிறேன்" என்பார்கள். நானும் அப்படிச் சிரித்தவன்தான். ஆனால் அந்தக் கோட்லாவுக்குப் பக்கத்திலேயே, தில்லி கேட் அருகில் இருக்கிறது அம்பேத்கர் ஸ்டேடியம். அங்கே 2007, 2008, 2009 ஆகிய மூன்று ஆண்டுகளும் ஆகஸ்டு மாதத்தில் இந்தியா கோப்பை வாங்கியது. லோதி ரோடு பக்கம் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் 2011இலும் 2012இலும் வாங்கியது. இவற்றுக்கெல்லாம் வெகு காலம் முன்னால், இந்தியா கேட் அருகேயுள்ள நேஷனல் ஸ்டேடியத்தில் 1951இல் தங்கப் பதக்கமே வாங்கியது. ஆக, நானறிந்து ஆறு முறை. நாம் காய்கறி வாங்கிக்கொண்டும் ஆபீஸ் பஸ்ஸைத் துரத்திக்கொண்டும் இருந்த இதே ஊரில்!

என் சிரிப்பை அடக்கியவர் என் மாமனார். அவர் 1946இல் தஞ்சை மாவட்டத்திலிருந்து புறப்பட்டு, சென்னையில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் பிடித்துத் தில்லி வந்தவர். மத்திய அரசுச் செயலகத்தில் ஸ்டெனோகிராபர் வேலை. கரோல் பாகில் நான்கு பிரம்மச்சாரிகள் சேர்ந்து ஓர் அறை, ஒரு ஸ்டவ், ஒரு சைக்கிள். அந்த ஒரே சைக்கிளில் இருவராக ஏறிக்கொண்டு 1951 மார்ச்சில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்து இறுதியாட்டத்துக்குப் போனதை அவர் குறைந்தது நூறு தடவையாவது சொல்லியிருப்பார். "மாப்பிள்ளை, உங்களுக்கெல்லாம் சீசாவில் தண்ணீர், நாற்காலியில் நம்பர். எங்களுக்குப் பாக்கெட்டில் வேர்க்கடலை, உட்காரச் சிமெண்டுப் படி" என்று ஆரம்பிப்பார்.

அந்த 1951ஆம் ஆண்டுத் தில்லியை இன்றுள்ள நம் பிள்ளைகளால் கற்பனை செய்ய முடியாது. பிரிவினையால் வந்த அகதிகள் இன்னும் கூடாரங்களில் இருந்தார்கள். 1950இலேயே நடந்திருக்க வேண்டிய ஆசிய விளையாட்டுகள் ஏற்பாடுகள் முடியாமல் ஓர் ஆண்டு தள்ளிப்போயின. பாவ்நகர் மகாராஜா கொடுத்த பணத்தில் வெள்ளையர் காலத்தில் கட்டிய இர்வின் ஆம்பிதியேட்டர்தான் நேஷனல் ஸ்டேடியமாகப் பெயர் மாறியது. பதினொரு நாடுகள் வந்தன. கால்பந்தில் கலந்துகொண்டவை ஆறு: இந்தியா, ஈரான், ஜப்பான், ஆப்கானிஸ்தான், பர்மா, இந்தோனேசியா.

இந்தியா முதலில் இந்தோனேசியாவை 3-0 என்றும், அரையிறுதியில் ஆப்கானிஸ்தானை அதே 3-0 என்றும் வென்றது. மறுபக்கம் ஈரானும் ஜப்பானும் ஆடிய அரையிறுதி கோலில்லாமல் முடிந்து, மறு ஆட்டத்தில் ஈரான் 3-2 என்று தப்பியது. இறுதியாட்டத்தில் ஈரானை நாம் 1-0 என்று வென்றோம். அந்த ஒற்றைக் கோலைப் போட்டவர் பீகாரில் பிறந்து கல்கத்தாவில் ஆடிய சாகு மேவாலால். அணித் தலைவர் வங்காளத்துச் சைலேன் மன்னா. பயிற்சியாளர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். அடிப்படையில் பள்ளி ஆசிரியர். 2024இல் வெளிவந்த 'மைதான்' என்ற இந்திப் படம் அவரைப் பற்றியதுதான். நம்மில் பலர் பார்த்திருக்கலாம்.

மாமா மேவாலாலைப் பற்றிப் பேசிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஆனால் அதில் நம்மாளும் உண்டு, தெரியுமோ?" என்பார். அவர் சொல்வது டி. சண்முகத்தை. பெங்களூர்க்காரர். சண்முகம் மட்டுமல்ல, அகமது கான் என்ற அற்புதமான ஆட்டக்காரரும் பெங்களூர்தான். அதற்கு மூன்று ஆண்டு முன்னால், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸை எதிர்த்து இந்தியா 1-2 என்று தோற்ற ஆட்டத்தில், ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோலைப் போட்ட சாரங்கபாணி ராமனும் அதே பெங்களூர்தான்.

ஏன் பெங்களூர் என்று யோசித்தால், அதுவும் நம் கதைதான். வெள்ளைக்காரப் பட்டாளம் அங்கே கண்டோன்மெண்ட் போட்டபோது, கூடவே ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பிழைக்கப் போயின. அல்சூர், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன், கௌதமபுரம் என்று அவர்கள் குடியிருப்புகள் வளர்ந்தன. சிப்பாய்கள் உதைத்த பந்தை வேலி ஓரம் நின்று பார்த்த பிள்ளைகள், பிற்பாடு அதே பந்தை அவர்களைவிட நன்றாக உதைத்தார்கள். கௌதமபுரத்தில் இன்றும் பீலேவுக்குச் சிலை இருக்கிறது. ஊர் விட்டு ஊர் போய் வாழும் தமிழன் படிப்பாலும் குமாஸ்தா வேலையாலும் மட்டுமே முன்னேறினான் என்று நாமெல்லாம் நம்பி வந்திருக்கிறோம். பெங்களூர்த் தமிழரின் சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை.

பட்டாளம் என்றதும் இன்னொன்று. வெலிங்டனிலுள்ள மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணி, 1955இலும் 1958இலும் தில்லியில் டூராண்டு கோப்பையை வென்றது. இது நாடுகளுக்கிடையிலான போட்டி அல்லதான். ஆனாலும் நீலகிரியிலிருந்து வந்த அணி தலைநகரில் கோப்பை தூக்கியபோது, லோதி காலனியிலும் வினய் நகரிலும் இருந்த நம் ஆட்களுக்குப் பெருமை தாங்கவில்லை என்று மாமா சொல்வார். அந்த அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். ஐதராபாத்தில் பிறந்த தமிழ்ப் பெயர்க்காரர். முதலில் முன்களத்தில் ஆடிக்கொண்டிருந்தவரைப் பட்டாளத்தில்தான் கோலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டி இறுதியில் தென் கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா இரண்டாவது தங்கம் வாங்கியபோது கோலைக் காத்தவர் அவரே.

இனி ஒரு கசப்பான கணக்கு. 1951இல் தில்லியில் தங்கம் இந்தியாவுக்கு, வெள்ளி ஈரானுக்கு, வெண்கலம் ஜப்பானுக்கு. ஈரான் 1978இல் உலகக் கோப்பைக்குப் போயிற்று. ஜப்பான் 1993இல் தொழில்முறை லீக் தொடங்கி, 1998இல் முதன்முதலாக உலகக் கோப்பையில் ஆடி, அதன்பின் ஒரு தடவைகூடத் தவறவில்லை. தங்கம் வாங்கிய நாம் இன்றுவரை ஒரு முறையும் உலகக் கோப்பையில் ஆடவில்லை. 1950இல் பிரேசிலுக்குப் போகும் வாய்ப்பு வந்தும் போகாமல் விட்டோம். வெறுங்காலோடு ஆட அனுமதிக்கவில்லை, அதனால் போகவில்லை என்று ஒரு கதை நெடுநாளாக உலவுகிறது. அணித் தலைவர் மன்னாவே பின்னாளில் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒலிம்பிக்தான் பெரிது, உலகக் கோப்பை என்ன பிரமாதம் என்று நம் சங்கத்தார் நினைத்துவிட்டார்கள் என்பதே நம்பத் தகுந்ததாகப் படுகிறது. வெறுங்காலாட்டத்துக்கு முடிவு கட்டியது 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக். அங்கே யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று அடி வாங்கிய பிறகுதான் பூட்ஸ் கட்டாயமாயிற்று.

என் சொந்தக் கதைக்கு வருகிறேன். நான் தில்லிக்கு வந்தது 1971இல். ராமகிருஷ்ணபுரத்தில் அரசுக் குவார்ட்டர்ஸ். பையன் பிறந்தது 1974இல். 1982 ஏஷியாட் சமயத்தில் அவனுக்கு எட்டு வயது. மேம்பாலங்களும் புது ஸ்டேடியமும் அப்பு யானையுமாக ஊரே மணக்கோலம் பூண்டிருந்தது. கலர் டி.வி. வந்த வருஷமும் அதுவே. எங்கள் பிளாக்கில் ஒரே வீட்டில்தான் இருந்தது. இருபது பேர் தரையில் உட்கார்ந்து பார்ப்போம். கால்பந்தில் இந்தியா கால் இறுதிவரை வந்து, சவூதி அரேபியாவிடம் 0-1 என்று தோற்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் விழுந்த கோல் அது. மற்றவர்கள் எழுந்து சாப்பிடப் போய்விட்டார்கள். என் பையன் மட்டும் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். அன்று பிடித்தது அவனுக்கு அந்தப் பைத்தியம்.

அதன்பின் செக்டர் பார்க்கில் தினமும் ஆட்டம். குளிர்காலத்தில் ஐந்தரைக்கே இருட்டிவிடும், தெருவிளக்கில் ஆடுவான். 1989இல், பத்தாம் வகுப்புக்குப் போகும் சமயம், ஒரு கிளப்பில் பையன்களைப் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள், தில்லி கேட்டுக்கு வரச் சொல்கிறார்கள் என்று வந்து நின்றான். நான் செய்தித்தாளை மடிக்கக்கூட இல்லை. "போர்டு பரீட்சை வருஷம். பந்து சோறு போடாது" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பூட்ஸின் இரண்டு நாடாக்களையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, பின்பக்க பால்கனி ஆணியில் மாட்டினான். இரண்டு வருஷம் அது அங்கேயே தொங்கியது. பிறகு ஒரு தீபாவளிச் சுத்தத்தின்போது கபாடிவாலா எடுத்துக்கொண்டு போனான்.

என்னைத் தவறாக நினைக்காதீர்கள். நம் வீடுகளில் அன்று எல்லோரும் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். ஊரில் நிலமில்லை, இங்கே சொந்த வீடில்லை. படிப்பை விட்டால் பற்றிக்கொள்ள வேறு என்ன இருந்தது? பையனும் படித்தான், எஞ்சினியர் ஆனான், குர்காவில் நல்ல வேலை. யாரும் குறை சொல்ல முடியாது.

இதனிடையே நேரு கோப்பை என்ற போட்டி நாடு முழுவதும் சுற்றிக்கொண்டிருந்தது. 1982இல் கல்கத்தாவில் தொடங்கியது. முதல் கோப்பையை உருகுவே எடுத்துப் போயிற்று. 1984இல் அர்ஜெண்டினாவே வந்து நம்மிடம் 1-0 என்று தட்டுத் தடுமாறி வென்றது. 1993இல் சென்னையில் புது நேரு ஸ்டேடியத்தில் நடந்தபோது வட கொரியா வென்றது. அந்தச் சமயத்தில் விடுமுறைக்குப் போயிருந்த நம் அன்பர்கள் சிலர் பார்த்திருப்பீர்கள். ஆனால் 1997 வரை ஒரு தடவைகூட இந்தியா அந்தக் கோப்பையைத் தொடவில்லை. பிறகு பத்து ஆண்டுகள் போட்டியே நின்றுபோயிற்று.

மறுபடி அது உயிர் பெற்று வந்த இடம் தில்லி, 2007 ஆகஸ்டு. பாப் ஹௌட்டன் என்ற ஆங்கிலேயர் பயிற்சியாளர். 1979இல் சுவீடனின் மால்மோ அணியை ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம்வரை அழைத்துச் சென்றவர். நம் பையன்களைப் போர்ச்சுகலுக்குக் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுத்துத் திரும்பியிருந்தார். லீகில் சிரியாவிடம் 2-3 என்று தோற்ற இந்தியா, ஆகஸ்டு 29 இறுதியில் அதே சிரியாவை 1-0 என்று வென்றது. கோல் போட்டவர் கேரளத்துப் பிரதீப், இடைவேளைக்குச் சற்று முன்னால். எண்பது தாண்டிய மாமா டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். "இதுவும் ஒன்றுக்குப் பூஜ்யம், அதுவும் ஒன்றுக்குப் பூஜ்யம்" என்று விரல் விட்டுக் காட்டிச் சிரித்தார்.

அடுத்த ஆண்டு நடந்ததுதான் உண்மையில் பெரிது. ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பை இறுதியாட்டம் ஐதராபாத்தில் நடக்க வேண்டியது, மழையால் தில்லிக்கு வந்தது. 2008 ஆகஸ்டு 13 அன்று தஜிகிஸ்தானை 4-1 என்று இந்தியா வென்றது. சுனில் சேத்ரி மூன்று கோல், பாய்ச்சுங் பூட்டியா ஒன்று. இதனால் 1984க்குப் பிறகு முதன்முறையாக ஆசியக் கோப்பைக்கு நாம் தகுதி பெற்றோம். (2011இல் தோஹாவுக்குப் போய் மூன்று ஆட்டத்திலும் தோற்றோம் என்பது வேறு விஷயம்.) நான் அப்போது ஒரு கல்யாணத்துக்காக மாம்பலத்தில் இருந்தேன். பந்தியில் யாருக்கும் இந்தச் செய்தி தெரியாது.

இந்தச் சேத்ரி பற்றி ஒரு வார்த்தை. பட்டாளத்துக்காரர் மகன். தில்லியில் தௌலா குவான் ராணுவப் பள்ளியில் படித்தவர். 2001இல் சிட்டி கிளப் என்ற தில்லிக் குழுவில் ஆடித்தான் மேலே வந்தார். தௌலா குவானுக்கும் எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் எத்தனை பஸ் நிறுத்தம் என்று உங்களுக்கே தெரியும். இதைப் பத்திரிகையில் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

2009 ஆகஸ்டு 31, திங்கட்கிழமை. மத்தியானம் பையன் ஆபீஸிலிருந்து போன் செய்தான். "அப்பா, நேரு கோப்பை ஃபைனல். ரெண்டு டிக்கெட் இருக்கு. வரியா?" இருபது வருஷமாக அவன் என்னிடம் கால்பந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வருகிறேன் என்றேன்.

ரம்ஜான் மாதம். தரியாகஞ்சில் நோன்பு திறக்கும் நேரக் கூட்டம். பேரீச்சம்பழ வண்டிகள், பகோடா எண்ணெய் மணம். அந்த நெரிசலைக் கடந்து ஸ்டேடியத்துக்குள் போனால் அங்கே இன்னொரு தில்லி. வங்காளிகள், மலையாளிகள், கடுவாலிகள், மணிப்பூர், மிசோரம் மாணவர்கள் என்று எல்லோரும் கொட்டு முழக்கத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தில் தமிழ்க் குரல் ஒன்று கேட்கிறதா என்று காது கொடுத்தேன். எங்கள் இருவர் குரல்தான்.

அந்தத் தடவையும் எதிரி சிரியா. லீகில் நம்மை 1-0 என்று வென்றிருந்தது. 90 நிமிஷம் கோலில்லை. கூடுதல் நேரத்தில், 114ஆவது நிமிஷம், ரெனடி சிங் ஒரு ஃப்ரீ கிக்கை அப்படியே வளைத்து வலைக்குள் போட்டார். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெரியவர் என்னைக் கட்டிக்கொண்டார். முடிந்தது என்று எல்லோரும் நினைத்தபோது, விசில் ஊதுவதற்குச் சில நொடிகள் இருக்கையில், சிரியா தலையால் முட்டிச் சமன் செய்துவிட்டது. கொட்டு நின்றுவிட்டது. கொடி பிடித்திருந்த கைகள் கீழே இறங்கின. 1982இல் தரையில் உட்கார்ந்திருந்த அந்தச் சின்னப் பையனின் முகத்தை நான் மறுபடி பார்த்தேன்.

பிறகு பெனால்டி. கோல்கீப்பர் சுப்ரதா பால் இடமும் வலமும் பாய்ந்து பாய்ந்து தடுத்தார். ஐந்து ஐந்து உதையில் முடியாமல் மேலும் நீண்டு, கடைசியில் 5-4 என்று இந்தியா வென்றது. என் மணிக்கட்டைப் பையன் பிடித்திருந்த பிடியில் கடிகாரப் பட்டை தழும்பு பதிந்துவிட்டது.

வெளியே வந்து கார் நிறுத்திய இடத்துக்கு நடக்கும்போது, நானாகவே கேட்டேன்: "அன்னிக்கு உன்னை நான் விட்டிருக்கணுமோ?"

கொஞ்ச நேரம் பேசாமல் வந்தான். "போயிருந்தாலும் நான் இந்தியாவுக்கு ஆடியிருக்க மாட்டேன்பா. என் ஆட்டம் எனக்குத் தெரியும். ஆனா எது வரைக்கும் போயிருப்பேன்னு தெரிஞ்சிருக்கும்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

2011 டிசம்பரில் தெற்காசியப் போட்டி இறுதியில் ஆப்கானிஸ்தானை 4-0 என்று வென்றதையும், 2012 செப்டம்பரில் காமரூனைப் பெனால்டியில் வென்றதையும் டி.வி.யில் பார்த்தோம். காமரூன் அனுப்பியது அவர்கள் முதல்தர அணி அல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும். அறுபது வருஷத்துக்கு முன் அரையிறுதியில் தோற்ற அதே ஆப்கானிஸ்தான் அதே ஊருக்கு மறுபடி வந்து தோற்றதே என்று சொல்லி மகிழ மாமா அப்போது இல்லை. 2010 குளிரில் போய்விட்டார். நேரு கோப்பையும் 2012க்குப் பிறகு நடக்கவில்லை.

2017 அக்டோபரில் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவுக்கு வந்தது. நாடு எந்தப் பிரிவிலும் உலகக் கோப்பைக் கால்பந்தில் ஆடியது அதுவே முதல் தடவை. நம் அணியின் மூன்று ஆட்டங்களும் தில்லி நேரு ஸ்டேடியத்தில். அக்டோபர் 9 அன்று கொலம்பியாவோடு ஆட்டம். பதினொரு வயதுப் பேத்தியை அழைத்துக்கொண்டு பையனும் நானும் போனோம். 82ஆவது நிமிஷம் ஒரு கார்னர் உதை. உயர வந்த பந்தை மணிப்பூர்ப் பையன் ஜீக்சன் சிங் தலையால் முட்டி உள்ளே தள்ளினான். உலகக் கோப்பை ஒன்றில் இந்தியர் போட்ட முதல் கோல். ஸ்டேடியம் அதிர்ந்தது. பேத்தி, கார்னர் உதைத்தது யார் என்று திரையைப் பார்த்து, "தாத்தா, ஸ்டாலின்னு போட்டிருக்கே, நம்ம ஊரா?" என்றாள்.

சஞ்சீவ் ஸ்டாலின். விசாரித்தால், பெங்களூர்!

எனக்குச் சண்முகமும் ராமனும் நினைவுக்கு வந்தார்கள். அதை அவளுக்குச் சொல்ல வாயெடுப்பதற்குள், அடுத்த நிமிஷமே கொலம்பியா கோல் போட்டு 2-1 என்று வென்றுவிட்டது. அவள் அழவில்லை. "அடுத்த ஆட்டம் எப்போ?" என்று கேட்டாள். அதில் கானா நம்மை 4-0 என்று நசுக்கியது.

திரும்பி வரும் வழியில் பூட்ஸ் வேண்டும் என்றாள். இரண்டு வாரம் கழித்து வாங்கிக் கொடுத்தோம். 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி, கால்பந்துக் கோட்டையான மணிப்பூரையே 2-1 என்று வென்று தேசியச் சாம்பியன் ஆன செய்தியை வெட்டி அவள் மேஜையில் ஒட்டினேன். கடலூர்ப் பக்கத்து இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கும் ஆடுகிறார், தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராகவும் இருக்கிறார் என்று அவளுடைய பாட்டிக்கு விளக்கிச் சொன்னேன். பந்து சோறு போடாது என்று நான் சொன்னதை அவள் மறக்கவில்லை, "அப்படியா?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

பத்தாம் வகுப்பு வருஷத்திலும் பேத்தி ஆடினாள். மதிப்பெண் கொஞ்சம் குறைந்தது. வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு நடந்தது, சண்டையும் நடந்தது. இப்போது கல்லூரி அணியில் இடது ஓரத்தில் ஆடுகிறாள். ஆட்டம் முடிந்து வந்ததும் சேறு படிந்த பூட்ஸைப் பின்பக்க பால்கனியில் காயப் போடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி காயும். ஐம்பது வயதில், முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு, ஆபீஸ் நண்பர்களோடு ஆடிவிட்டு வரும் என் பையனுடையது.